சல்கேட்டா ஆமைக்கு வெளிப்புற அடைப்பு: வேலியோரம் தோண்டுகிறது, கொட்டிலுக்குள் தங்க மறுக்கிறது

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுச் சல்கேட்டா (ஆப்பிரிக்காவின் பெரிய நில ஆமை இனம்) ஆமையின் ஓடு 30 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் இருந்த மரத்தொட்டி அதற்குப் போதவில்லை என்பதால், தோட்டத்தின் ஒரு பகுதியைக் கம்பி வலையால் அடைத்து, ஒட்டுப்பலகையில் ஒரு கொட்டிலும் செய்திருக்கிறோம். ஆனால், பகல் முழுவதும் அது வலையை ஒட்டியே நடந்து நடந்து, மூக்கின் நுனி தேய்ந்து சிவந்திருக்கிறது. ஒரு மூலையில் தன் பாதி உடல் மறையும் அளவுக்குப் பள்ளம் பறித்து, அந்தி சாய்ந்ததும் கொட்டிலுக்குப் போகாமல் அதிலேயே முகத்தைப் புதைத்துப் படுத்துவிடுகிறது. தூக்கி உள்ளே வைத்தாலும் சற்று நேரத்தில் வெளியேறிவிடுகிறது. தீனியில் குறையில்லை, சோர்வும் இல்லை. வேலியை மாற்றுவதா, கொட்டிலை மாற்றுவதா, எதில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

வேலியில் தொடங்குங்கள். ஆமைக்கு மறுபுறம் தெரியும்வரை, அங்கே வழி இருப்பதாகவே அது நம்பி முட்டிக்கொண்டிருக்கும். பார்வை மறைந்துவிட்டால் பெரும்பாலான ஆமைகள் அந்த முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றன. மேலும், கம்பிக் கண்ணிகளில் தலையோ முன்காலோ சிக்கிக் காயம்படும் ஆபத்தும் உண்டு. இன்றே செய்யக்கூடியது, வலையின் உட்புறத்தில் தரையிலிருந்து ஆமை எட்டாத உயரம்வரை பலகை அடித்து மறைப்பது. நிலையான தீர்வு என்றால் சிமென்ட் கல் சுவர்தான்: தரைக்கு மேல் 60 சென்டிமீட்டர், தரைக்குக் கீழ் குறைந்தது 30 சென்டிமீட்டர். சஹாராவின் தெற்கு விளிம்பில் வாழும் இந்த இனம் வெயிலிலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்ப ஆழமான வளை பறித்தே பிழைக்கிறது என்பதால், ஆழத்தை மட்டும் நம்பாமல், சுவரின் உள்ளடியை ஒட்டிக் கனமான கான்கிரீட் பலகைகளைக் கிடைமட்டமாகப் பதித்துவிடுங்கள். ஆமை சுவரின் அடியில்தான் பறிக்கத் தொடங்கும். அங்கே கல் தட்டுப்பட்டால் நகர்ந்துவிடும்.

மூலைகளைச் செங்கோணமாக விடாதீர்கள். இரு சுவர்களிலும் கால் ஊன்றி ஏறி, மல்லாக்க விழுந்த ஆமைகளைப் பார்த்திருக்கிறேன். நுரையீரல் மேலோட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்த நிலையில் மற்ற உறுப்புகளின் எடை அதன்மேல் அழுந்துகிறது. வெயிலும் சேர்ந்தால் நெடுநேரம் தாங்காது. ஒவ்வொரு மூலையிலும் குறுக்காக ஒரு சாய்வுச் சுவர் வைத்தால் போதும்.

பதில் 2

வேலி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரவில் பள்ளத்தில் படுப்பதற்குக் காரணம் கொட்டிலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாசல் தரையோடு தரையாக இருக்கிறதா, உள்ளே வெளிச்சம் எவ்வளவு, சூடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல முடியுமா?

கேட்டவர்

மழைநீர் புகாதிருக்க, வாசலை ஒரு செங்கல் உயரத்தில் வைத்து, மரச் சாய்தளம் போட்டிருக்கிறோம். எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. கூரையிலிருந்து ஒரு வெப்ப விளக்கு தொங்குகிறது. அது இரவிலும் எரியும்.

பதில் 2

இம்மூன்றுமே அதை வெளியே தள்ளுகின்றன. ஆமை தேடுவது இருட்டான, தாழ்ந்த, காற்று அடங்கிய ஓரிடம். வேலியோரப் பள்ளம் அதைத் தருகிறது, கொட்டில் தரவில்லை. ஜன்னலை அடைத்துவிடுங்கள். இரவில் வெளிச்சம் தரும் விளக்கையும் எடுத்துவிடுங்கள். அது தூக்கத்தைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, இந்த அளவு வளர்ந்த ஆமைக்கு மேலிருந்து ஒரே புள்ளியில் விழும் சூடு ஓட்டின் உச்சியை மட்டும் தீய்த்து, வயிற்றுப்புறத்தைக் குளிரவே விடுகிறது. அகலமான வெப்பத் தகடோ, எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரோ (அறையைச் சூடாக்கும் மின்கருவி) உள்ளிருக்கும் காற்று முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கும். ரேடியேட்டரைச் சுற்றி உறுதியான மரத்தடுப்பு வேண்டும், ஏனென்றால் ஆமை அதில் உடம்பைத் தேய்த்துத் தள்ளும். தெர்மோஸ்டாட்டின் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) உணர்கருவியை ஓட்டின் உயரத்தில் பொருத்தி, 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்தளத்தில் நகம் பிடிக்கும்படி குறுக்குச் சட்டங்கள் அடித்து, சரிவை நன்றாகக் குறையுங்கள். வாசலில் கனமான பிளாஸ்டிக் பட்டைகளைத் தொங்கவிட்டால் சூடு வெளியேறாது, ஆமையும் தானாகவே முட்டிக்கொண்டு நுழையும். முதல் சில நாட்கள் பட்டைகளில் பாதியைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் பழக்குங்கள். சுவர்களுக்கு இடையே தெர்மாகோல் வைத்தால், அதன் விளிம்புகூட வெளியே தெரியாதபடி பலகையால் மூடிவிட வேண்டும், கண்ணில் பட்டால் கடித்துத் தின்றுவிடும்.

பதில் 3

இயற்கையாகவே வளை பறிக்கும் உயிரினத்தை ஏன் தடுக்க வேண்டும்? அந்தப் பள்ளத்தையே வளர விட்டால் கொட்டில் தேவைப்படாதே.

பதில் 1

மண் இறுகி, மழை அரிதாக இருக்கும் நிலத்தில் அது பொருந்தலாம். ஆனால் கனமழை பெய்தால் வளை நீரால் நிரம்பலாம், இடிந்தும் விழலாம். ஆமை நோயுற்று உள்ளேயே கிடந்தால் வெளியே எடுப்பதும் பெரும்பாடு. இந்த இனம் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே குளிரும் ஈரமும் சேர்ந்த பள்ளத்தில் இரவுகளைக் கழித்தால் மூச்சுக்குழல் தொற்று வரக்கூடும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல் ஆகியவை தெரிந்தால் உடனே ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோண்டும் ஆசைக்கு, சுவரிலிருந்து தள்ளி, அடைப்பின் நடுவே தளர்ந்த மண்மேடு ஒன்றை நிழலில் அமைத்துக் கொடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பலகை அடித்து, ஜன்னலையும் மூடிவிட்டோம். வலையோர நடை வெகுவாகக் குறைந்து, இப்போது செடிகளிடையே மேய்கிறது. மூலைப் பள்ளத்தை மண் நிரப்பி மேலே கான்கிரீட் பலகை வைத்தோம். அன்று மாலை அங்கே சென்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஆனாலும் கொட்டிலுக்குத் தானாகப் போகவில்லை, நாங்கள்தான் தூக்கி வைக்கிறோம். வைத்தால் உள்ளேயே தங்குகிறது. ரேடியேட்டர் வைப்பதற்காகக் கொட்டிலைப் பெரிதாக்கவிருக்கிறோம். எந்த அளவில் கட்டுவது?

பதில் 2

உள்ளே தங்குகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே தினமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு எதிரே கொண்டுபோய் விட்டு, அது தானே நுழையக் காத்திருங்கள். தூக்கி உள்ளே வைப்பதை நிறுத்தினால்தான் வழி பழகும். கொட்டிலை இன்றைய உடம்புக்காக அல்லாமல், முழு வளர்ச்சிக்காகக் கட்டுங்கள். ஆண் சல்கேட்டாவின் ஓடு 80 சென்டிமீட்டர் அளவுக்கும் வளரக்கூடும். எனவே ரேடியேட்டருக்கும் தடுப்புக்கும் உரிய இடம் நீங்கலாக, உள்தரை 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. வாசல் 75 சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். கூரையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துவிடுங்கள், அந்த எடையுள்ள ஆமையை வாசல் வழியாக இழுத்து வெளியே எடுப்பது நடக்காத காரியம்.