பழைய ஜிப்சி: முதல்ல குனிஞ்சு அடியில பாருங்க

கூடலூர்க்காரன்:
பழைய மாருதி ஜிப்சி ஜீப்பை வாங்கலாம்னு பார்க்கப் போறவங்க பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் சத்தத்துலயே மயங்கிடறாங்க. இன்ஜினைப் பிரிச்சுக் கட்டிக்கலாம். சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குற அடிச்சட்டம், உளுத்துப் போச்சுன்னா வண்டியே போச்சு. ஒரு ஸ்க்ரூடிரைவரோட அடியில படுங்க. பின் லீஃப் ஸ்பிரிங் பட்டை தொங்குற பிராக்கெட், பாடி உட்கார்ற ரப்பருக்குக் கீழ் இடம், டிரைவர் காலடி மேட்டுக்கு அடித் தகரம், இந்த மூணையும் பிடியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்ல இரும்பு, பொத்துனு கேட்டா துரு. அடிப்பக்கம் மட்டும் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா கூடுதலா சந்தேகப்படுங்க. பாடியில காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைச்ச இடம்.

எந்த மாடல்னு கேட்டா: 1985ல வந்த எம்ஜி410க்கு 970 சிசி, 4 கியர். 1996ல வந்த கிங், 1298 சிசி, 5 கியர். 2000 வாக்குல வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்‌ஷன் மாடல்) 16 வால்வுல 80 குதிரை சக்தி. நெடுஞ்சாலையில ஓட்டணும்னா கடைசி மாடல். தானே கழட்டி மாட்டுறவங்களுக்கு கார்புரேட்டரே போதும்.

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்:
அண்ணன் சொன்னதோட, 50-60 வேகத்துல ஒரு குழியில இறங்கினதும் ஸ்டீயரிங் வெடவெடன்னு ஆடுற கோளாறைச் சொல்லணும். இதுக்கு ஸ்டீயரிங் டேம்பரை (ஆட்டத்தை அடக்குற ஷாக் அப்சார்பர்) மாத்தி அனுப்பிடறாங்க. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும். முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி, டயரோட உச்சியையும் அடியையும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலமா திரும்புற அச்சுல இருக்கிறது. பக்கத்துக்கு மேலயும் கீழயுமா 2, மொத்தம் 4. நாலையும் சேர்த்தே மாத்துங்க. கிங்பின் மூடிக்கு அடியில இருக்கிற ஷிம்ங்கிற மெல்லிசு தகட்டைக் கூட்டிக் குறைச்சு இறுக்கத்தைச் சரி பண்ணணும். ஆயில் சீல் இல்லாம நக்கிளை (கிங்பின்ல திரும்புற, சக்கரத்தைத் தாங்குற பாகம்) ஸ்பிரிங் தராசால இழுத்தா 1 முதல் 1.8 கிலோவுக்குள்ள நகரணும். கைக்கணக்குல விட்டா ஆட்டம் திரும்பி வரும்.

நக்கிளைப் பிரிக்கும்போது கிரீஸ் கறுப்புத் தண்ணியா வழிஞ்சா ஆக்ஸில் உள் சீல் போயிடுச்சு, டிஃப்ரென்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பெட்டி) ஆயில் கிரீஸோட கலக்குது. அந்தச் சீலையும் அப்பவே மாத்திடுங்க, இல்லைன்னா அதே வேலையை ரெண்டாவது தடவை செய்யணும்.

கூடலூர்க்காரன்:
ஃபோர் வீல் உண்மையிலேயே பிடிக்குதான்னு ஓட்டாமலே பார்க்கலாம். பின் சக்கரத்துக்குக் கல் வெச்சு, வண்டியை கியர்ல நிறுத்தி, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்க. ஃப்ரீவீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலோட சேர்க்கவும் பிரிக்கவும் செய்யுற திருகு) இருந்தா லாக்ல வைங்க. லீவர் 2எச்ல (பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை) இருக்கும்போது சக்கரத்தைக் கையால சுத்தினா முன் ஆக்ஸிலுக்கு இழுவை கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்டும் சேர்ந்து சுத்தணும். 4எச்ல (நாலு சக்கரத்துக்கும் இழுவை) போட்டா சக்கரம் அசையக் கூடாது.

அப்புறம் மண் தரையில 4எச்ல முழுசா ஒடிச்சு வட்டம் போடுங்க. டக்டக்னு வந்தா முன் ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கு. 2எச்ல அந்த ஜாயிண்டுக்கு இழுவை போகாது, சத்தமே வராது. விக்கிறவர் தார் ரோட்டுல மட்டும் ஓட்டிக் காட்டறது அதனாலதான்.

தார் ரோட்டுல 4எச் போட்டு வளைக்கவே கூடாது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல டிஃப்ரென்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரம் ஓடுற தூரம் அதிகம், அந்த முறுக்கு வெளியேற வழியில்லாம லீவர் சிக்கிக்கும். நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா விடும். நாலு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா இல்லைன்னாலும் இதே தொல்லைதான்.

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்:
வாங்கின அன்னைக்கே எல்லா ஆயிலையும் வடிச்சிடுங்க. கிங்குக்கு முன் டிஃப்ரென்ஷியல் 2 லிட்டர், பின்னது 1.5, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) 0.8, கியர்பாக்ஸ் 1.3. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில் தான். ஜிஎல்-5 சிலது உள்ளே இருக்கிற பித்தளை சிங்க்ரோ வளையத்தை (கியர் சத்தமில்லாம விழ உதவுறது) அரிக்கும். வடிச்ச ஆயில் டீ மாதிரி வெளுத்திருந்தா தண்ணி புகுந்திருக்கு. பெரும்பாலும் பிரீதர் (ஆக்ஸிலுக்குள்ள காத்து போய் வர்ற துளை) அடைச்சதுதான் காரணம். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணியில இறங்கினதும் உள்காத்து சுருங்கும், காத்து வர வழியில்லாததால சீல் ஓரமா தண்ணியை உறிஞ்சும். பிரீதர் முனையில ஒரு முழ ரப்பர் குழாய் மாட்டி மேலே தூக்கிக் கட்டிடுங்க.