உதவி: கயிறு அளக்கும் என்கோடர் 6.8 மீட்டரில் மைனஸுக்குப் போகிறது

தங்கச்சிமடம்_வல்லம்

வணக்கம் அண்ணன்மார்களே. அப்பாவின் வல்லத்தில் கயிறு ஓடும் கப்பியில் ஒரு அளவு மீட்டர் பொருத்துகிறேன். தண்ணீருக்குள் எத்தனை பாகம் (கை விரித்த அளவு) கயிறு போயிருக்கிறது என்று டிஸ்ப்ளேயில் தெரிய வேண்டும். இருட்டில் கயிற்று முடிச்சைத் தடவித்தான் அப்பா இப்போது கணக்குப் பார்க்கிறார்.

அச்சு சுழல்வதைப் பல்ஸாக மாற்றும் சாமான்தான் என்கோடர்; முதலில் கேஒய்-040 என்ற என்கோடர் மாட்யூல் போட்டேன். ஒரு கிளிக்குக்கு இரண்டு மூன்று என்று எண் தாவியது. அதை எடுத்துவிட்டு 600 பல்ஸ் ஆப்டிகல் என்கோடர் வாங்கி, கப்பியின் அச்சோடு நேரடியாக இணைத்தேன். அதன் ஏ, பி என்ற இரண்டு சிக்னல் வரிகளும் ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 2, 3-ஆம் பின்களில். இரண்டிலும் சேஞ்ச் இன்டரப்ட், அதாவது வரியின் நிலை மாறும்போதெல்லாம் ஊனோ மற்ற வேலையை நிறுத்திவிட்டு எண்ணும். கப்பியின் சுற்றளவு 50 சென்டிமீட்டர்.

பிரச்சினை மூன்று. கயிறு 6.8 மீட்டர் போனதும் டிஸ்ப்ளே −6.8 என்று காட்டுகிறது, அங்கிருந்து பூஜ்யத்தை நோக்கி வருகிறது. வேகமாக இழுத்தால் எண்ணிக்கை குறைகிறது. கயிறு இழுக்கும் 12 வோல்ட் மோட்டார் ஓடும்போது, கப்பி நின்றிருந்தாலும் கடைசி இலக்கம் ஆடுகிறது. சரிபார்ப்பதற்காக இன்டரப்டுக்குள்ளேயே எண்ணை சீரியல் வழியாகக் கணினிக்கு அச்சிடுகிறேன். வடகடலில் (பாக் விரிகுடா) கரையோரம் ஓடும்போது இந்த 6.8 பிரச்சினை வரவில்லை, ஆழத்துக்குப் போனால்தான் வருகிறது.

கீழக்கரை_சர்வீஸ்பெஞ்ச்

தம்பி, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றாகக் கலந்து பார்த்தால் என்கோடர் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். உன் என்கோடர் நன்றாகவே இருக்கிறது.

6.8-ஐ முதலில் பார்ப்போம். 600 பல்ஸ் என்றால் ஏ வரியில் ஒரு சுற்றுக்கு 600 அலை. பி வரியிலும் 600 அலை, ஆனால் கால் அலை தள்ளி. இரண்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நீ எண்ணுகிறாய், ஆக ஒரு சுற்றுக்கு 2,400. புரோகிராமில் எண்ணை எந்த வகை மாறியில் வைத்திருக்கிறாய்? இன்ட் என்றால் ஊனோவில் அது 16 பிட், 32,767-க்கு மேல் ஏறாது. 32,767-ஐ 2,400-ஆல் வகுத்துப் பார், 13.65 சுற்று. அரை மீட்டர் கப்பியில் 6.83 மீட்டர். அடுத்த எண்ணே −32,768. கடல் ஆழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லாங் ஆக மாற்று, 32 பிட் கிடைக்கும். இந்த எண் இன்டரப்டில் மாறும் என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலட்டைல் என்ற சொல்லையும் முன்னால் போட மறக்காதே.

கேஒய்-040 தாவியதற்குக் காரணம், உள்ளே தகடு தகடைத் தொடும் தொடர்பு. ஒவ்வொரு தொடுகையிலும் தகடு சில மில்லி செகண்ட் துள்ளும், அந்தத் துள்ளலை எல்லாம் ஊனோ எண்ணும். அது ரேடியோ குமிழ் மாதிரி கையால் திருப்புவதற்குச் செய்தது. மெனு தேர்வுக்கு நல்ல சாமான், கப்பிக்கு ஆகாது. நம்ம ஊர் உப்புக்காற்றில் அந்தத் தகடு சீக்கிரம் பச்சை பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

தொண்டி_மோட்டார்வைண்டிங்

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னது சரி. வேகமாக இழுத்தால் எண் குறைவதற்கு நான் சொல்கிறேன். இன்டரப்டுக்குள் அச்சிடுவதை இன்றைக்கே நிறுத்துங்க தம்பி.

விநாடிக்கு ஒரு மீட்டர் கயிறு ஓடினால் கப்பி இரண்டு சுற்று, அதாவது விநாடிக்கு 4,800 மாற்றம். இரண்டு மாற்றத்துக்கு நடுவே 208 மைக்ரோ செகண்ட்தான் இருக்கிறது. 9,600 பாட் வேகத்தில் சீரியலில் ஒரு எழுத்து போகவே ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் நாலைந்து மாற்றம் கடந்துவிடும், ஊனோவுக்குத் தெரியவே தெரியாது. இன்டரப்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஏ, பி நிலையைப் படி, பழைய நிலையோடு ஒப்பிடு, ஒன்று கூட்டு அல்லது குறை, வெளியே வா. டிஸ்ப்ளே, கணக்கு, அச்சு எல்லாம் லூப்பில், அதாவது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்.

பழைய நிலை நாலு, புதிய நிலை நாலு, ஆக ஒப்பிடுவதற்கு 16 இடம் கொண்ட அட்டவணை வைத்துக்கொள்ளுங்க. ஏ, பி நிலை ஒரு திசையில் 00, 01, 11, 10 என்று போகும், எதிர்த்திசையில் 00, 10, 11, 01. ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் மாறும். 00-லிருந்து நேராக 11 வந்தால் ஒரு படி தவறிவிட்டது என்று அர்த்தம். அட்டவணையில் அதற்குப் பூஜ்யம் போட்டு, அத்தகைய தவறல்களைத் தனியாக எண்ணி வையுங்க. அந்த எண் ஏறுகிறதா என்று பார்த்தாலே இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

மோட்டார் ஓடும்போது ஆடுவது: இந்த வகை என்கோடர்களில் பெரும்பாலும் ஓப்பன் கலெக்டர் வெளியீடு. அது வரியைக் கீழே இழுக்கும், மேலே தூக்காது. தூக்குவதற்கு என்ன போட்டிருக்கீங்க?

தங்கச்சிமடம்_வல்லம்

ரொம்ப நன்றி காக்கா, அண்ணே. லாங் ஆக மாற்றி, அச்சிடுவதை லூப்புக்குக் கொண்டுபோனேன். மைனஸ் போய்விட்டது, வேகமாக இழுத்தாலும் எண் சரியாக வருகிறது.

தூக்குவதற்கு ஊனோவின் உள் புல்-அப் (வரியை 5 வோல்ட்டுக்குத் தூக்கும் ரெசிஸ்டர்) மட்டும்தான். வயர் மூன்று மீட்டர், மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

புதிதாக ஒன்று: எப்போதாவது ஒரு தடவை டிஸ்ப்ளேயில் சம்பந்தமில்லாத எண் மின்னி மறைகிறது.

தொண்டி_மோட்டார்வைண்டிங்

உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். மூன்று மீட்டர் வயருக்கு அது பலவீனம், மோட்டார் பிரஷ்ஷின் பொறி எல்லாம் அதில் ஏறும். ஊனோ பக்கத்தில் ஏ, பி ஒவ்வொன்றுக்கும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போடுங்க. ஷீல்டு வயர் (மேலே உலோக வலை சுற்றியது) எடுத்து, ஷீல்டை ஊனோ பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்க. மோட்டார் வயரிலிருந்து பிரித்து வல்லத்தின் அடுத்த பக்கமாகக் கொண்டு போங்க. ஒரு வரியில் மட்டும் ஏறும் இரைச்சல் ஒன்று கூட்டி ஒன்று குறைத்துத் தானே சரியாகிவிடும். இரண்டு வரியிலும் ஒரே நேரத்தில் ஏறினால்தான் கணக்கு கெடும்.

கீழக்கரை_சர்வீஸ்பெஞ்ச்

மின்னி மறையும் எண்ணுக்குக் காரணம் லாங். ஊனோ 8 பிட் சில்லு, நாலு பைட்டை ஒவ்வொன்றாகத்தான் படிக்கும். பாதி படித்த நேரத்தில் இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றினால், பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டி வரும். லூப்பில் இன்டரப்டை நிறுத்து, எண்ணை வேறொரு இடத்தில் நகல் எடு, உடனே இன்டரப்டைத் திரும்ப விடு. கணக்கெல்லாம் நகலில் போடு.

இன்னொன்றையும் யோசித்து வை. இந்த வகை என்கோடருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, நகர்ந்தது மட்டுமே தெரியும். பேட்டரி ஒரு கணம் விட்டுப்போனால் எல்லாம் பூஜ்யம். ஈயக்குண்டு தண்ணீரைத் தொடும்போது அழுத்த ஒரு பூஜ்ய பட்டன் கட்டாயம் வை.

அலை அடிக்கும் இடத்தில் இந்த ஆப்டிகல் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் என் கவலை. உள்ளே உப்புநீர் புகுந்து சக்கரம் மங்கினால் முடிந்தது. நானாக இருந்தால் கப்பியின் பக்கவாட்டில் 16 சிறு காந்தங்களை வடக்கு தெற்கு மாறிமாறி எபாக்ஸியில் பதிப்பேன். எதிரே லேட்ச் வகை ஹால் சென்சார் (எதிரே வரும் காந்த முனை மாறினால் நிலை மாறும் சென்சார்) இரண்டு, அடுத்தடுத்த காந்தங்களின் இடைவெளியில் பாதி அளவு தள்ளி. அவற்றையும் எபாக்ஸியில் மூடிவிடலாம். சுற்றுக்கு 32 மாற்றம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.6 சென்டிமீட்டர் கயிறு. பாகக் கணக்குக்கு அது தாராளம்.

தங்கச்சிமடம்_வல்லம்

ரெசிஸ்டர், ஷீல்டு, நகல் மூன்றும் செய்தாயிற்று. மோட்டார் ஓடும்போதும் இலக்கம் ஆடவில்லை, தவறல் எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஹால் சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன் காக்கா.

கடற்கரையில் டேப் விரித்து 10 மீட்டர் கயிறு ஓடவிட்டேன். 48,000 வர வேண்டும், 46,800-ஐ ஒட்டி வருகிறது. எங்கே தவறுகிறது?

தொண்டி_மோட்டார்வைண்டிங்

எங்கேயும் தவறவில்லை. கயிறு எத்தனை மில்லிமீட்டர் தடிப்பம்? 4 என்றால் கணக்கு பொருந்தும். கப்பிப் பள்ளத்தின் சுற்றளவைத்தான் அளந்திருக்கீங்க. கயிறு வளையும்போது நீளம் மாறாத கோடு அதன் நடுவில் இருக்கும். விட்டம் 4 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு 1.26 சென்டிமீட்டர் கூடும், 51.26 ஆகும். அதை வைத்துப் பாருங்க, 46,820 வருகிறது.

அதனால் சுற்றளவுக் கணக்கை விட்டுவிட்டு, ஓட்டிப் பார்த்து வந்த எண்ணையே புரோகிராமில் வையுங்க. கயிற்றை நனைத்து, ஈயக்குண்டு கட்டி ஒரு தடவை ஓட்டுங்க, காய்ந்த கயிறு வழுக்கும். பாகத்தில் காட்டுவதென்றால் 1.83 மீட்டர் என்று புத்தகக் கணக்கைப் போட வேண்டாம். அப்பா கை விரித்து அளக்கும் பத்துப் பாகத்தை அப்படியே கப்பியில் ஓட்டி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்து வையுங்க.

தங்கச்சிமடம்_வல்லம்

கயிறு 4 மில்லிதான் அண்ணே. அப்பா இன்று தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) போயிருக்கிறார், வந்ததும் பத்துப் பாகம் அளந்து எண்ணைப் போடுகிறேன். ஹால் சென்சார் மாட்டியதும் வயரிங் படத்தை இதிலேயே சேர்க்கிறேன்.