புது லைசன், பழைய ஆல்டோ: கையைக் கடிக்காத காப்புறுதி எது?

டிக்கோயாவிலிருந்து ஒரு ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது. லைசன் இப்போதுதான் கிடைத்தது. கார்ட் இன்னும் வரவில்லை, தற்காலிகப் பத்திரம்தான் கையில் இருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நோர்வூட்டில் பஸ் மாறி, மிச்சத்தைத் தோட்டத்துப் பாதையில் ஏறி நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த சேலையோடுதான் வகுப்புக்குள் போவேன். இதைப் பார்த்துப் பொறுக்காமல் அப்பா தன் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பழைய மாருதி ஆல்டோ வாங்கித் தந்திருக்கிறார். தோட்டத்தில் அவர் உழைத்த காலம் முழுவதும் அந்தப் பணத்தில் இருக்கிறது. அது வீணாகக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஃபுல் இன்சூரன்ஸுக்கு இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு இடத்தில் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். மற்ற இடத்தில் அதைவிட நன்றாகக் குறைவு, ஏன் என்று புரியவில்லை. தெரிந்த ஒரு முகவர், "தேர்ட் பார்ட்டி போதும், அதை வைத்தே வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம்" என்கிறார். மாமாவோ தனக்கு நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு) நிறைய இருப்பதால் அவர் பெயரில் போடச் சொல்கிறார். வண்டிப் புத்தகம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பத்திரங்களை வாங்கி வைத்திருக்கிறோம். அப்புறம், கூடப் படிப்பிக்கும் இரண்டு அக்காமார் என்னோடு வந்து, மாதா மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். அதில் ஏதாவது பிரச்சினை வருமா?

ஹட்டனிலிருந்து, முன்பு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தவர்:

தங்கச்சி, முதலில் அந்தப் புத்தகத்தைப் பெயர் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெயர் மாற்றாமல், கையெழுத்துப் போட்ட பத்திரத்தை மட்டும் வைத்து ஓப்பன் பேப்பரில் வண்டி ஓடுவது நம் பக்கம் சர்வசாதாரணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் விபத்து நடந்த பிறகு கேட்கப்படும் முதல் கேள்வியே "வண்டி யாருடையது?" என்பதுதான். காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர், புத்தகத்தில் இன்னொரு பெயர் என்றால் காசோலை கைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய சொந்தக்காரர் ஊர் மாறிப் போனாலோ, காலமாகிவிட்டாலோ அப்பாவின் பணத்துக்கு யாரிடம் போவீர்கள்?

தேர்ட் பார்ட்டி பற்றி. சட்டத்துக்கு அது போதும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி அது இல்லாமல் வீதியில் ஓட முடியாது. புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு அதைக் காட்டினால் வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்கும். முகவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது உங்களால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்குத்தான். நோர்வூட் பாதையில் எதிரே பஸ் வருகிறது, நீங்கள் ஓரம் ஒதுங்குகிறீர்கள், இடப்பக்கச் சில்லு கானுக்குள் இறங்குகிறது, பம்பரும் ரேடியேட்டரும் போய்விடுகின்றன என்று வையுங்கள். பஸ்ஸில் ஒரு கீறலும் இல்லை. தேர்ட் பார்ட்டி காப்புறுதியில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இங்கே நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரி தனி விபத்துதான்.

பிரீமியம் ஏன் கூடுதல் என்றால், இங்கே அதை முதலில் தீர்மானிப்பது வண்டியின் பெறுமதியும், அது எதற்குப் பயன்படுகிறது என்பதும்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய சின்னக் கார்களின் விலைகூட எங்கேயோ போய்விட்டது. விலை ஏறினால் காப்புறுதித் தொகையும் ஏறும், பிரீமியமும் ஏறும். உங்கள் வயதுக்குத் தண்டனை என்று நினைத்து மனம் நோக வேண்டாம்.

குறைவாகச் சொன்ன இடத்தின் கொட்டேஷனை எடுத்து, வண்டியின் பெறுமதி எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அதில்தான் சந்தேகம்.

டிக்கோயா ஆசிரியை:

அண்ணா, பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். நாங்கள் வாங்கிய விலையைவிட நன்றாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, "பிரீமியம் குறையட்டும் என்றுதான்" என்றார்கள். இது நல்லதா, கெட்டதா?

ஹட்டன் அண்ணா:

கெட்டது. ஒரு பேச்சுக்கு, சந்தையில் 30 இலட்சம் பெறும் வண்டியை 20 இலட்சத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். 3 இலட்சம் சேதம் வருகிறது. குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால் விகிதப்படி கொடுப்போம் என்று நிபந்தனை இருந்தால், மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், அதாவது 2 இலட்சம். அதிலும் எக்சஸ், அதாவது நீங்களே போட வேண்டிய பங்கு, கழியும். முழுதாக நொறுங்கினால் 20 இலட்சத்துக்கு மேல் பேச்சே இல்லை. இன்றைய சந்தை விலையைப் போடுங்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போதும் விலையை மறுபடி பார்த்துத் திருத்துங்கள்.

மாமாவின் போனஸ் அவர் பெயரில் வாங்கியது. அதைப் பயன்படுத்த வண்டியை அவர் பெயருக்கே மாற்ற வேண்டும். அவருக்கு வேறு வாகனம் இருந்தால் அந்தப் போனஸ் அதற்கே போயிருக்கும். ஒரே போனஸை இரண்டு வண்டிக்குக் காட்ட விடமாட்டார்கள். அப்படியே முடிந்தாலும், உங்கள் கையில் ஒரு விபத்து நடந்தால் அவர் வருடக்கணக்கில் சேர்த்தது குறையும். உங்கள் பெயரில் தொடங்குங்கள். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடமும் உங்களுக்கே சேரும், கம்பனி மாறினாலும் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா:

மகள், என் மகனுக்கும் போன வருடம் இதே அலைச்சல்தான். அதனால் சொல்கிறேன், எக்சஸ் என்ற பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். ஒவ்வொரு கிளைமிலும் நம் கையிலிருந்து போடும் தொகை அது. சில பத்திரங்களில் வயது குறைந்த சாரதி, லைசன் எடுத்து அதிக காலமாகாத சாரதி என்று தனியாக ஒரு எக்சஸ் வைத்திருப்பார்கள். பிரீமியம் ஒரே மாதிரி இருக்கும், விபத்து நடந்தால்தான் வித்தியாசம் தெரியும். கொட்டேஷன் கேட்கும்போதே உங்கள் வயதையும் லைசன் எடுத்த திகதியையும் சொல்லிக் கேளுங்கள். தற்காலிகப் பத்திரத்தின் பிரதியையும் கொடுங்கள். அதில் உள்ள கடைசித் திகதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தாண்ட விட்டுவிடாதீர்கள்.

நீங்களாகவே கூடுதல் எக்சஸ் ஏற்கிறேன் என்றால் பிரீமியம் குறைப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். சின்னக் கீறலுக்கு எப்படியும் கிளைம் போட மாட்டீர்கள், போனஸ் போய்விடுமே. நாங்கள் அப்படித்தான் குறைத்தோம். ஆனால் அந்தத் தொகை எந்த நேரமும் வங்கியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வழி வேண்டாம்.

புது வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே நோ கிளைம் போனஸ் தருகிறோம் என்பார்கள். வாங்குங்கள், நல்லதுதான். அந்த வருடத்திலேயே கிளைம் வந்தால் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து, கராஜ் வைத்திருப்பவர்:

டீச்சர், ஆல்டோ நல்ல தெரிவு. உதிரிப்பாகம் எங்கேயும் கிடைக்கும், செலவும் தாங்கும். பழைய வண்டி என்றால் புதுப் பாகம் போட்டாலும் தேய்மானம் என்று ஒரு பங்கைக் கழித்துத்தான் தருவார்கள். எத்தனை வீதம் என்று இப்போதே கேளுங்கள். கராஜுக்கு வண்டி வந்த பிறகுதான் பல பேருக்கு இது தெரிகிறது, அந்த முகங்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

நம்ம பக்கத்துக்குக் கட்டாயம் வேண்டியது இழுத்துக்கொண்டு போகும் செலவு. பொகவந்தலாவையில் நின்ற வண்டியைக் கண்டிக்குக் கொண்டுபோவது லேசான காசில்லை. இலவசம் என்பார்கள், எத்தனை கிலோமீற்றர் வரை, எத்தனை ரூபா வரை என்று கேளுங்கள். ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ அவர்கள் ஏற்கும் கராஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளம், மண்சரிவு, மரம் விழுதல் எல்லாம் அடங்கியிருக்கிறதா என்பது இன்னொன்று. பல பத்திரங்களில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை வண்டி மண்ணுக்கடியில் போனது என்று பார்த்தோமே. செலவைக் குறைக்க வேண்டுமானால் வாடகை வாகனப் படி, பரிசுக் கூப்பன் மாதிரியானவற்றை வெட்டுங்கள். இதை வெட்டாதீர்கள்.

பதுளையிலிருந்து, புரோக்கர் ஒருவரிடம் வேலை செய்பவர்:

அக்காமார் தரும் பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தனியார் பாவனை என்று எடுத்த பத்திரம் கூலிக்கு ஆள் ஏற்றுவதை மூடாது. பெற்றோல் செலவைப் பங்கு போடுவது வேறு, மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது வேறு. ஆனால் விபத்து நடந்த இடத்தில் "மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டு அவர்கள் ஒரு தொகையைச் சொன்னால், வாடகை ஓட்டம் என்று எழுதிவிடலாம். கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ஒரே பாடசாலை ஆசிரியர்கள், எரிபொருள் செலவை மட்டும் பகிர்கிறோம், இது தனியார் பாவனையில் அடங்குமா? பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

முகவர் பொதுவாகத் தன் கம்பனியின் விலையைத்தான் சொல்வார். பதிவு பெற்ற புரோக்கர் பல கம்பனிகளில் கேட்டுத் தருவார். யாராக இருந்தாலும் வற் 18 வீதம், நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். பின்னால் கிளைமை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

டிக்கோயா ஆசிரியை:

எல்லோருக்கும் நிறைய நன்றி. அப்பாவோடு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். பழைய சொந்தக்காரரோடு பேசியாயிற்று, பெயர் மாற்ற வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வண்டி வீட்டில்தான் நிற்கும். மாமாவுக்கும் விளக்கினேன், அவர் கோபிக்கவில்லை. சந்தை விலைக்கே மறுபடி மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்கப் போகிறேன்; மண்சரிவும் இழுவைச் செலவும் சேர்த்து, எக்சஸை என்னால் தாங்கக்கூடிய அளவுக்கு உயர்த்தி. ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை. எங்கள் தோட்டத்துப் பாதையில் சிக்னல் இல்லை. அங்கே ஏதாவது நடந்தால் கம்பனிக்கு எப்படி உடனே சொல்வது?

ஹட்டன் அண்ணா:

யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆள், பிறகுதான் வண்டி. 1990 அம்பியூலன்ஸுக்கு அழைக்க சிக்னல் உள்ள இடத்துக்கு யாரையாவது ஓட அனுப்புங்கள், அல்லது தோட்ட அலுவலகத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். காயமில்லை என்றால் வண்டியை அசைக்காமல் நான்கு பக்கமும், சில்லு நின்ற இடமும், பாதையின் அகலமும் தெரிய ஃபோட்டோ எடுங்கள். பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்துபோய் அழையுங்கள். அடுத்தவர் வாகனமோ ஆளோ சம்பந்தப்பட்டிருந்தால் பொலிஸில் முறைப்பாடு கட்டாயம். பத்திரத்தில் உள்ள கம்பனியின் அவசர இலக்கத்தை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள், ஃபோன் உடைந்தாலும் அது இருக்கும்.