டயல்-அப் பத்து நிமிடத்தில் அறுகிறது: லைனா, மோடமா?

செம்பருத்தி:
வின்டோஸ் 98 கணினி, அதனுள் செருகிய பிசிஐ 56கே மோடம் (போன் லைன் வழியாக நெட்டில் இணைக்கும் டயல்-அப் கருவி). விநாடிக்கு 44,000 பிட் வேகத்தில் இணைகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பக்கம் அப்படியே நின்று, கொஞ்ச நேரத்தில் துண்டிப்பு. மாலையில்தான் அதிகம். ஹாலில் ஒரு போன், மாடியில் ஒன்று, இரண்டும் ரோசெட்டிலிருந்து (சுவரில் லைன் வந்து சேரும் பெட்டி) பேரலல், அதாவது ஒரே லைனில் கிளை பிரிந்தவை. புது மோடம் வாங்குமுன் எதைப் பார்க்கலாம்?

தாமிரக்கம்பி:
மோடத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள், முதலில் காதைக் கொடுங்கள். சாதாரண போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்று சில விநாடி அமைதி வரும். அதில் கரகரப்பு கேட்டால் ஈரம் இறங்கிய ஜாயின்ட் அல்லது பச்சை பூத்த திருகு. சீரான ‘ம்ம்’ ஒலி என்றால் ஒரு கம்பி எங்கோ பூமிக்குக் கசிகிறது, அல்லது கரண்ட் வயரோடு உரசிப் போகிறது.

அடுத்து மாடி போன். ரிசீவரை வைத்தால் மட்டும் போதாது, ரோசெட்டிலேயே அதன் வயரைக் கழற்றுங்கள். பேரலலில் தொங்கும் நீள வயர் சிக்னலை எதிரொலித்துக் குழப்பும். மாடியில் யாராவது போனை எடுத்தாலோ கேரியரே (மோடம்கள் பேசிக்கொள்ளும் தொடர் ஒலி) போய்விடும். மாலையில் அதிகம் அறுவதற்கு இது போதும், வீட்டில் ஆள் இருக்கும் நேரமாயிற்றே! ரோசெட்டிலிருந்து நேராக மோடத்தின் ‘லைன்’ துளைக்கு வாருங்கள். ஹால் போனை மோடத்தின் ‘போன்’ துளையில் செருகுங்கள். காலர் ஐடி பெட்டி இருந்தால் அதுவும் வெளியே.

கேரியர்:
கால் வெயிட்டிங் (பேசும்போது வேறு அழைப்பு வந்தால் பீப் ஒலி தரும் வசதி) இருக்கிறதா? நெட்டில் இருக்கும்போது வேறு போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். பிஸி டோன் வராமல் மணி அடித்தால், இருக்கிறது. அந்த பீப் வரும் கணத்தில் கேரியர் மறையும். கேரியர் போனபின் மோடம் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதைச் சொல்லும் அமைப்பு எஸ்10 ரிஜிஸ்டர். கணக்கு பத்தில் ஒரு விநாடியில்: வழக்கமான மதிப்பு 14, அதாவது 1.4 விநாடி. கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், ப்ராபர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு போய் ‘எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்’ கட்டத்தில் எஸ்10=50 என்று இடுங்கள், 5 விநாடி பொறுக்கும். நிரந்தரத் தீர்வு அந்த வசதியையே எடுக்கச் சொல்வது.

ஆனால் பக்கம் உறைந்து பிறகு அறுவது ரீட்ரெயின் மாதிரி இருக்கிறது. அதாவது இரைச்சலில் மோடம் வேகத்தை மறுபடி பேசிப் பார்த்து, முடியாமல் விட்டுவிடுகிறது. அதே கட்டத்தில், மோடத்தில் இருப்பது கோனெக்சன்ட் சிப் என்றால் +எம்எஸ்=வி34, லூசன்ட் என்றால் எஸ்38=0 கொடுத்து வி.90-ஐ (56கே வேக முறை) நிறுத்துங்கள். பிறகு பழைய வி.34 முறைதான், உச்சம் 33,600தான். 44,000 காட்டி அறுவதற்கு 31,200-இல் நிலையாக நிற்பது எவ்வளவோ மேல்.

செம்பருத்தி:
கால் வெயிட்டிங் இல்லை. மாடி வயரைக் கழற்றியாயிற்று. கரகரப்பு அப்படியே.

தாமிரக்கம்பி:
அப்படியானால் ரோசெட்டில் வீட்டு வயர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரில் மட்டும் ஒரு போனை மாட்டிக் கேளுங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் உள் வயரிங்கை மாற்றுங்கள். நிற்கவில்லையென்றால் தொலைபேசி நிறுவனத்தின் பழுதுப் பிரிவில் புகார். ‘நெட் கட் ஆகுது’ என்று சொல்லாதீர்கள், அது எங்கள் வேலை இல்லை என்பார்கள். ‘பேசும்போது லைனில் இரைச்சல்’ என்று சொல்லுங்கள். லைன்மேன் டயல் டோனைக் கேட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். ஒரு எண்ணை அழுத்தி அந்த அமைதியை அவர் காதில் வையுங்கள். டிபி பெட்டியில் (தெருவில் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் முனையையும், கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.