ஐவிஎஃப்-ல் மிஞ்சிய கருவிலிருந்து ஸ்டெம் செல் லைன்: அரசு மானியத்தில் எதுவரை போகலாம்?

ஹெப்பால்_லேப்:
வணக்கம். பெங்களூருவில் ஓர் ஆய்வகத்துக்காக டிபிடி (மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) மானியப் புரபோசல் தயாராகிறது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் கருத்தரிப்பு) சிகிச்சையில் மிஞ்சி, தம்பதிக்கு இனித் தேவையில்லை என்று உறைநிலையில் கிடக்கும் கருக்களிலிருந்து புதிதாக ஒரு ஸ்டெம் செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வரிசை, எடுப்பதுதான் திட்டம். அமெரிக்காவில் கருவை அழிக்கும் வேலைக்கு மத்திய அரசுப் பணத்தைத் தொடவே முடியாதாமே, இங்கும் அப்படித் தடை உண்டா? பட்ஜெட்டில் எதை எழுதினால் நெறிமுறைக் குழுவில் சிக்கும்?

யலஹங்கா_மணி:
இங்கே அந்தத் தடை இல்லை. அங்கே 1996 முதல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு வருடா வருடம் ஒட்டிவரும் டிக்கி–விக்கர் பிரிவுதான் அதைத் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 9-க்கு முன் எடுத்த லைன்களுக்கு மட்டுமே பணம் என்று அதிபர் புஷ் போட்ட கட்டுப்பாட்டை ஒபாமா 2009-ல் நீக்கினார். ஆனால் டிக்கி–விக்கர் அப்படியே நிற்கிறது.

ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) டிபிடியும் சேர்ந்து போட்ட 2017 தேசிய வழிகாட்டுதல் பணம் யாருடையது என்று பார்ப்பதில்லை, கரு எப்படி வந்தது, என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. மிஞ்சிய கருவிலிருந்து லைன் எடுக்கலாம். அதற்கு ஸ்டெம் செல் ஆய்வுக்கான நிறுவனக் குழு, வழக்கமான நெறிமுறைக் குழு, இரண்டின் ஒப்புதலும் வேண்டும். முதல் குழு தேசியத் தலைமைக் குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஆராய்ச்சிக்கென்றே கருவை உருவாக்குவதானால் அந்தத் தேசியக் குழுவிடமே போக வேண்டும். 14 நாளோ, கருவில் முதல்கோடு (உடல் அச்சு உருவாகத் தொடங்குவதைக் காட்டும் கோடு) தோன்றுவதோ, எது முன்னால் வருகிறதோ அதற்கு மேல் வளர்க்கவே கூடாது.

பரேல்_வித்யா:
சிக்கல் பட்ஜெட்டில்தான் வரும். 2021 ஏஆர்டி (கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பம்) சட்டப்படி கருவை விற்பது குற்றம். எனவே 'ஒரு கருவுக்கு இவ்வளவு' என்று ஐவிஎஃப் மையத்துக்குக் கொடுக்கும் எந்தத் தொகையும் விற்பனையாகவே படிக்கப்படும். டிரை ஷிப்பர் (உறைந்த கருவை எடுத்துச்செல்லும் கலன்) வாடகை, திரவ நைட்ரஜன், கூரியர் என்று உண்மைச் செலவைத் தனித்தனி வரியாக எழுதி ரசீதோடு கொடுங்கள். 'ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் சேமிப்புக் கட்டண பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம்' என்று மையம் சொன்னால் ஏற்காதீர்கள். பணமுடையில் இருக்கும் தம்பதிக்கு அது விலை பேசுவதுதான்.

ஒப்புதல் வாங்கும் இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சிகிச்சை தொடங்கும் நாளில் இருபது படிவங்களுக்கு நடுவே வாங்கிய கையெழுத்து போதாது. கரு இனி வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்த பிறகு, சிகிச்சை செய்யும் மருத்துவர் அல்லாத ஒருவர் கேட்க வேண்டும். கரு அழியும், செல்கள் பல ஆண்டுகள் பெருகும், வேறு ஆய்வகங்களுக்கும் போகும், லாபம் வந்தாலும் அதில் பங்கு கிடையாது, உறைநீக்கும் முன்வரை மனம் மாறலாம் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் மொழியில் எழுதுங்கள். தானமுட்டையில் உருவான கருவை ஒதுக்கிவிடுங்கள். முட்டை கொடுத்த பெண்ணிடம் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

ஆய்வுக்காகக் கருவை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் முழுத் தடை.

துவாரகா_சுந்தர்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கருவை அழிப்பதை மனசார ஏற்காதவர்களும் வரி கட்டுகிறார்கள். அதனால் 'புது லைன் தேவையா?' என்பதற்குப் புரபோசலின் முதல் பக்கத்திலேயே பதில் வேண்டும். 2007 முதல் தோல் செல்லிலிருந்தே மனித ஐபிஎஸ் செல் (கரு இல்லாமலே ஸ்டெம் செல்லாக மாற்றிய செல்) எடுக்கிறார்கள். பெங்களூரு ஜேஎன்சிஏஎஸ்ஆர் ஆய்வு நிறுவனம் கருவிலிருந்து எடுத்த பிஜேஎன்ஹெம்19, 20 என்ற இரண்டு லைன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றில் முடியாத எந்தக் கேள்விக்கு உங்கள் லைன் வேண்டும்?

பரேல்_வித்யா:
சுந்தர் சார் கேட்பது நியாயம். அந்த இரண்டும் தரம் குறைந்தவை என்று ஒதுக்கிய மூன்றாம் தரக் கருக்களிலிருந்து வந்தவை. ஆகவே நல்ல கருக்களைக் கேட்கவே வேண்டாம், எண்ணிக்கையையும் வெற்றி விகிதத்தைக் காட்டி நியாயப்படுத்துங்கள்.

ஆனால் 'அழிக்கப் பணமில்லை, அழித்ததைப் பயன்படுத்தப் பணம் உண்டு' என்று அமெரிக்காவில் செய்யும் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டில் 2002 ஜனவரி 1-க்கு முன் எடுத்த லைன்களை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று ஜெர்மனி நாள் குறித்தது. பழைய லைன்கள் போதாமல் போக, 2008-ல் அந்த நாளை 2007 மே 1-க்கு நகர்த்தியது. கருவை வெளிநாட்டில் வேறொருவர் அழித்தார், அவ்வளவுதான். கரு கொடுத்தவரிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதில்தான் வரம்பு வேண்டும்.

யலஹங்கா_மணி:
கூடவே, பொதுப்பணத்தில் எடுத்த லைனை மற்ற ஆய்வகங்களுக்கும் தருவோம் என்று எழுத்தில் கொடுங்கள். காசு வாங்காமல் கொடுத்த கரு, ஒரே ஆய்வகத்தின் ஃபிரீசரில் பூட்டிக் கிடக்கக் கூடாது. லைனைப் பகிரும்போது முழு மரபணுத் தொடரைத் திறந்த தளத்தில் போடாதீர்கள். அதை வைத்துத் தம்பதியை அடையாளம் காண முடியும். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியல் மையத்திலேயே இருக்கட்டும், உங்கள் லேப் கணினிக்கு வரவே வேண்டாம்.