முதல் கன்ட்ரி ஆல்பம், நாஷ்வில்லில் இரண்டு நாள் பதிவு: போகுமுன் என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

மூன்றாம்ஃப்ரெட் (கேள்வி)

வணக்கம். கன்ட்ரி பாடல்களைத் தானே எழுதிப் பாடும் புதுப் பாடகி ஒருவரின் முதல் ஆல்பத்துக்கான ஏற்பாடுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. 10 பாடல்கள், மொத்தம் 43 நிமிடம். 5 பாடல்கள் அவர் தனியாக எழுதியவை. 4 அமெரிக்காவின் கன்ட்ரி இசைத் தலைநகரான நாஷ்வில்லில் மற்றவர்களோடு உட்கார்ந்து எழுதியவை. ஒன்று வேறொருவரின் பழைய பாடல்.

ஸ்டுடியோ இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. டிரம்ஸ், பேஸ், எலக்ட்ரிக் கிட்டார், பியானோ, பெடல் ஸ்டீல் (படுக்க வைத்து, பெடலை மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார்), பிடில் (வயலின்) என ஆறு பேர் வாசிக்கிறார்கள். பாடகி எல்லாவற்றையும் கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் பிடி) போட்டு வாசிப்பவர். கையில் இருப்பது பாடல் வரிகளுக்கு மேல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பெயர் எழுதிய தாள்கள் மட்டும். "நம்பர் சார்ட் கொண்டு வாருங்கள்" என்கிறார் தயாரிப்பாளர். அது என்ன வடிவம்? பெடல் ஸ்டீல் எத்தனை பாடலில் வேண்டும்? பழைய பாடலுக்கு அனுமதி எப்படி? வினைல் தட்டும் போடுகிறோம், 43 நிமிடம் தாங்குமா?

ஆறுகழித்தல்

சார்ட்டில் தொடங்குகிறேன். முதல் நாள் காலையிலேயே உங்களை அடிக்கப்போவது அதுதான்.

நாஷ்வில் நம்பர் சிஸ்டம் என்பது கார்டின் பெயருக்குப் பதிலாக, ஸ்கேலில் (சுர வரிசையில்) அதன் இடத்தை எண்ணாக எழுதுவது. 1950களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக் குழுவின் நீல் மேத்யூஸ் தன் குழுவினருக்காக உருவாக்கிய முறை. இசைக்கலைஞர் சார்லி மெக்காய் அதை ஸ்டுடியோ இசைக்கலைஞர்களுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். ஜி கீயில் (ஜி-யை ஆதாரமாகக் கொண்ட பாட்டில்) ஜி என்றால் 1, சி என்றால் 4, டி என்றால் 5. ஈ மைனரை 6- என்று எழுதுவார்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று), வரிக்கு நான்கு பார். ஒரே பாரில் இரண்டு கார்டு வந்தால் இரண்டையும் சேர்த்து அடிக்கோடு. ஒருமுறை தட்டிவிட்டு ஒலிக்கவிட வேண்டிய கார்டைச் சுற்றி வைரக் கட்டம். பீட்டுக்குச் சற்று முன்பே பாய்ந்துவிழும் கார்டின் தலையில் ஒரு சிறு அம்புக்குறி. பாட்டு மைனரில் இருந்தாலும் பெரும்பாலும் அதன் ரிலேட்டிவ் மேஜரை (அதே சுரங்களைக் கொண்ட மேஜர் கீயை) வைத்து எழுதி, 6- ஐ வீடாக, அதாவது பாட்டு வந்து நிற்கும் கார்டாக, கொள்வார்கள்.

கேப்போ உள்ளவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் மூன்றாவது கட்டத்தில்) கேப்போ போட்டு ஜி வடிவத்தில் வாசிப்பவர் "இது ஜி" என்பார். மற்ற ஆறு பேருக்கும் அது பி ஃபிளாட். தாளின் தலைப்பில் ஒலிக்கும் கீயை மட்டும் எழுதுங்கள். கேப்போ எண் ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும். குரல் இடம் கொடுத்தால் அந்தப் பாடலை அரை சுரம் இறக்கி ஏ-வுக்குக் கொண்டுவருவதை யோசியுங்கள். கேப்போ இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வரும், பாடகியின் விரல் வடிவம் மாறாது, பிடிலுக்கு அதன் திறந்த தந்திகள் (ஜி, டி, ஏ, ஈ) கைகொடுக்கும். கீ முடிவானதும் பல்லவியின் உச்ச சுரத்தை அவர் காலை 10 மணிக்குப் பாடிப் பார்க்கட்டும். இரவில் எட்டும் சுரம் காலையில் எட்டாமல் போகலாம்.

அடுத்தது பார் கணக்கு. தனியாகக் கிட்டாரோடு பாடிப் பழகியவர்கள் வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்க இரண்டு பீட்டைத் தம்மை அறியாமலே கூட்டிவிடுவார்கள். தனியாகக் கேட்கும்போது அழகுதான். ஆறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இடத்தில் வண்டி கவிழும். போனில் பதிந்த ஒலியை மெட்ரோனோமோடு ஓடவிட்டு எண்ணுங்கள். கூடுதல் இரண்டு பீட் வேண்டும் என்றால் அந்த எண்ணுக்கு மேல் 2/4 என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் இப்போதே பாடகியிடம் சொல்லிப் பழக்குங்கள்.

சார்ட்டோடு ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு ஒர்க் டேப்பும் போகட்டும்: கிட்டார், குரல், போன் பதிவு, அவ்வளவே. ரிவர்ப் போட்டு அலங்கரிக்காதீர்கள், வரிகளும் கார்டும் தெளிவாகக் கேட்டால் சரி. இங்கே வழக்கமான செஷன் நேரம் 10, 2, 6 மணி. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒர்க் டேப்பை ஒருமுறை கேட்பார்கள், சார்ட்டில் குறித்துக்கொள்வார்கள், இரண்டு மூன்று டேக் எடுப்பார்கள், தவறிய இடங்களைத் திருத்துவார்கள். பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் செஷனுக்கு மூன்று பாட்டு. இசைக்கலைஞர் சங்கத்தின் முழு மாஸ்டர் ஸ்கேல் என்ற சம்பள விகிதத்தில் மூன்று மணி நேர செஷனுக்கு 15 நிமிட இசைதான் வரம்பு. உங்கள் 43 நிமிடம் மூன்று செஷனில் நூலிழையில் அடங்குகிறது, ஆனால் பத்தாவது பாட்டுக்கு நேரம் இருக்காது. நான்கு செஷன் போடுங்கள். செஷன் லீடருக்கு இரட்டைச் சம்பளம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிளிக் டிராக் (வாசிப்பவர்களின் காதில் ஓடும் தாளத் தட்டு) 10 பாட்டுக்கும் வேண்டும். வேகத்தைப் பாடகி உற்சாகமாக இருக்கும்போது குறிக்காதீர்கள். மூன்று வெவ்வேறு நாளில் அளந்து நடுவில் வருவதை எடுங்கள்.

எட்டாம்பெடல்

பத்துக்கும் ஸ்டீலா? வேண்டாம். எல்லாப் பாட்டிலும் ஸ்டீல் அழுதால் ஐந்தாவது பாட்டில் காது மரத்துவிடும். நான்கு, மிஞ்சினால் ஐந்து. பாட்டின் எலும்புக்கூடு கன்ட்ரியாக இல்லாதபோது ஸ்டீலைத் தடவி அதைக் கன்ட்ரி ஆக்க முடியாது. தலைப்பு வரி பல்லவியின் முடிவில் வந்து விழ வேண்டும், கடைசிச் சரணத்துக்குப் பிறகு அதே வரிக்கு வேறு பொருள் வர வேண்டும். அது இருந்தால் வெறும் கிட்டாரே போதும்.

எந்தப் பாட்டுக்கு என்று முடிவு செய்ய வாத்தியத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கன்ட்ரியில் புழங்குவது ஈ9 சுருதி, 10 தந்தி. ஏ பெடலை மிதித்தால் பி தந்திகள் ஒரு முழுச் சுரம் ஏறி சி ஷார்ப் ஆகும். பி பெடல் ஜி ஷார்ப்பை அரைச் சுரம் ஏற்றி ஏ ஆக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் கையில் உள்ள இரும்புத் துண்டு நகராமலே 1 என்ற கார்டு 4 ஆகிவிடும். கன்ட்ரியின் அந்த வழுக்கல் ஓசை பிறப்பது இங்கேதான். அப்படியென்றால் 1-இலிருந்து 4-க்குப் போய் இரண்டு பார் தங்குகிற மெதுவான பாட்டுகள் அதற்குச் சரியான நிலம். பாருக்கு இரண்டு கார்டு மாறும் வேகப் பாட்டில் எலக்ட்ரிக் கிட்டாரே போதும். ஸ்விங் வாசனை உள்ள பாட்டு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு சி6 சுருதி வேண்டும், அது இரட்டைக் கழுத்து வாத்தியத்தில்தான் கூடவே இருக்கும்.

கிளிக் விஷயத்தில் மேலே சொன்னதோடு முழுக்க உடன்பாடில்லை. ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு ஸ்டீல் மட்டும் உள்ள பாட்டு இருந்தால் கிளிக்கை நிறுத்துங்கள். அதில் வேகம் மூச்சோடு போகட்டும்.

மூன்றாம்ஃப்ரெட்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். முன்பு எடுத்த டெமோவில் பியானோவும் ஸ்டீலும் சேரும் இடம் புளித்தது போல ஒலித்தது. இருவருமே தேர்ந்தவர்கள்தான், ஏன் அப்படி? இன்னொன்று, பாடகி கிட்டார் வாசித்தபடியே பாடினால்தான் உணர்வு வருகிறது என்கிறார். அப்படியே பதியலாமா?

எட்டாம்பெடல்

யார் மீதும் தவறில்லை, சுருதிக் கணக்குதான். பியானோவின் மேஜர் தேர்ட் (மேஜர் கார்டின் நடுச் சுரம்), இயற்கையான தேர்டைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஸ்டீல் வாசிப்பவர்கள் பலர் காதுக்கு இனிமையாக இருக்கும்படி தேர்டைத் தாழ்த்தியே சுருதி சேர்ப்பார்கள். இரண்டும் அதே சுரத்தை நீட்டிப் பிடித்தால் உரசும். ஸ்டீல் நீளும் இடங்களில் பியானோ தேர்டை விட்டுவிட்டு ரூட்டும் (கார்டின் ஆதாரச் சுரம்) ஃபிஃப்த்தும் (அதிலிருந்து ஐந்தாவது) மட்டும் தொடட்டும். சார்ட்டிலேயே குறித்துவிடுங்கள்.

ஆறுகழித்தல்

பாடியபடி வாசிப்பது: பதியலாம், ஆனால் விலை உண்டு. குரல் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் கசியும். பிறகு ஒரு வரியை மட்டும் திருத்திப் பாடினால் கிட்டார் மைக்கில் பழைய வரி பேய் போலக் கேட்கும். மூன்று வழி உண்டு. ஃபிகர் எட்டு மைக் (முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காத மைக்) இரண்டு வைத்து, ஒவ்வொன்றின் செவிட்டுப் பக்கத்தையும் மற்ற ஒலியை நோக்கித் திருப்புவது ஒன்று. கசிவு நன்றாகக் குறையும், முழுதும் போகாது. செஷனில் அவர் வாசித்துப் பாடுவதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டாரையும் குரலையும் பின்னால் தனித்தனியே எடுப்பது இன்னொன்று. அல்லது முழு டேக்கையும் அப்படியே ஏற்றுக்கொள்வது. மெதுவான இரண்டு பாட்டுக்கு மூன்றாவதையும், மற்றவற்றுக்கு இரண்டாவதையும் செய்யுங்கள். எப்படியானாலும் அவரைத் தனி அறையில் உட்கார வையுங்கள். டிரம்ஸ் கசிந்தால் எதையுமே மாற்ற முடியாது.

அகூஸ்டிக் கிட்டார் கலவையில் புதைந்துபோனால் நாஷ்வில் டியூனிங்கில் இன்னொரு கிட்டாரை மேலே வாசியுங்கள். தடித்த நான்கு தந்திகளுக்குப் பதில் 12 தந்திக் கிட்டார் செட்டின் மெல்லிய தந்திகள், ஓர் ஆக்டேவ் மேலே. தந்தி அளவு, முதல் தந்தியான உச்ச ஈ-யிலிருந்து, அங்குலத்தில் .010, .014, .009, .012, .018, .027. பேஸோடு மோதாமல் மினுமினுப்பு மட்டும் சேரும்.

பாதிப்பங்கு

உரிமை பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

பழைய பாடல்: அமெரிக்காவில் ஏற்கனவே வெளியான பாட்டை மறுபடி பதிவதற்குச் சட்டமே கட்டாய உரிமம் தருகிறது. அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றக் கூடாது. புதிதாகச் சரணம் எழுதிச் சேர்த்தால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2006 முதல் 2022 வரை பிரதிக்கு 9.1 சென்டாக இருந்த கட்டணம் 2025இல் 12.7 சென்ட். விலைவாசியைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறுகிறது, அச்சிடும் ஆண்டின் தொகையைப் பாருங்கள். 2025 கணக்கில் 500 வினைல் என்றால் 63.50 டாலர். பாட்டு 5 நிமிடத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கு வந்துவிடும், ஆகவே 4:59-இல் முடிப்பது புத்திசாலித்தனம். சிறு எண்ணிக்கைக்கு ஹாரி ஃபாக்ஸ் என்ற உரிம நிறுவனத்தின் சாங்ஃபைல் சேவை வழியாக வாங்கலாம். ஸ்ட்ரீமிங்குக்கு நீங்கள் தனியாக வாங்க வேண்டாம். அது 2021 முதல் எம்எல்சி (ஸ்ட்ரீமிங் பணத்தைப் பாட்டின் உரிமையாளர்களுக்குப் பிரித்துத் தரும் அமைப்பு) நடத்தும் மொத்த உரிமத்தில் அடங்கும். வீடியோவுக்கு இது எதுவும் செல்லாது. பாட்டின் பதிப்பாளரிடம் நேரடியாகக் கேட்டாக வேண்டும்.

சேர்ந்து எழுதிய நான்கு: பங்குத் தாள் கையெழுத்தாகியிருக்கிறதா? அறையில் இருந்தவர்களுக்குச் சம பங்கு என்பது நாஷ்வில் வழக்கம். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டமும் சம பங்கு என்றே எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு எத்தனை சதவீதம், எந்த உரிமைச் சங்கம், ஐபிஐ எண் (பாட்டெழுதியவரின் அடையாள எண்), பதிப்பாளர் பெயர். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஆல்பம் வெளியான பிறகு கேட்டால் எல்லோருடைய நினைவும் தம் பக்கமே சாயும்.

பதிப்புரிமைப் பதிவில் ஆல்பத்துக்கென்று ஒரு குழு விண்ணப்பம் உண்டு: 20 படைப்புகள் வரை 65 டாலர். பலர் தவறுவது இங்கேதான். எல்லாப் படைப்புக்கும் உரிமைதாரர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆகவே தனியாக எழுதிய 5 பாடலும் ஒரே விண்ணப்பத்தில் போகும். உரிமையில் மற்றவர்களுக்கும் பங்குள்ள 4 பாடலும் அதில் சேராது. ஒலிப்பதிவுகளுக்கு வேறொரு விண்ணப்பம். அதற்கு முன் வாசித்தவர்களிடமும் தயாரிப்பாளரிடமும் உரிமையை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். வெளியான மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடுங்கள். தாமதித்தால், பதிவுக்கு முன் தொடங்கிய திருட்டுக்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்க முடியாது.

பணம் வரும் வாய்க்கால்கள் வேறு வேறு. ஏஎஸ்சிஏபி அல்லது பிஎம்ஐ போன்ற ஒரு சங்கம் (பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது எழுதியவருக்குப் பணம் வசூலிப்பது), எம்எல்சி, சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் (டிஜிட்டல் வானொலிப் பணத்தைப் பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் தருவது) மூன்றிலும் தனித்தனியே பதிய வேண்டும். சவுண்ட்எக்ஸ்சேஞ்சில் பாடகியாகவும் பதிவின் உரிமையாளராகவும் இரண்டு முறை. முதலாவதற்கு 45, இரண்டாவதற்கு 50 சதவீதம், மீதி 5 உடன் வாசித்தவர்களுக்கு. ஒன்றை விட்டால் பாதிக்குப் பாதி போயிற்று. சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி அமெரிக்காவில் பாட்டெழுதியவருக்கு மட்டுமே கட்டுகிறது, பாடியவருக்கு அல்ல.

கடைசிப்பள்ளம்

வினைல்: பக்கத்துக்கு 21 நிமிடம் 30 விநாடி வருகிறது. 12 அங்குலத் தட்டில் தாங்கும், ஒலி கொஞ்சம் தணியும். 18-ஐ ஒட்டி இருந்தால் தெம்பாக இருக்கும். ஒரு பாட்டைத் தட்டில் மட்டும் விட்டுவிட முடியுமா என்று பாருங்கள்.

வரிசைதான் முக்கியம். ஊசி உள்ளே போகப் போக ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும், உயர் ஒலி கரகரக்கும், "ஸ்" ஓசை எச்சில் தெறிப்பது போல வரும். பக்கத்தின் கடைசியில் மெதுவான, சிம்பல் இல்லாத பாட்டு. உங்கள் ஸ்டீல் பாட்டுகள் அங்கே பொருந்தும். சத்தமான பாட்டுகள் முதலில். மாஸ்டரிங் செய்பவரிடம் வினைலுக்குத் தனிக் கோப்பு கேளுங்கள், ஸ்ட்ரீமிங்குக்காக நசுக்கியதை அனுப்பாதீர்கள். சோதனைத் தட்டு வந்ததும் வேறு வேறு பிளேயர் இரண்டில் முழுதும் கேட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

பாதிப்பங்கு

விட்டுப்போனது: மிக்ஸ் முடியும் அன்றே குரல் இல்லாத மிக்ஸும் வாங்கிவிடுங்கள். படம், விளம்பரம் என்று யாராவது கேட்கும்போது பழைய செஷனைத் திறக்க ஆள் கிடைக்காது. ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று. தனிப்பாடலாக முன்பே வெளியிட்ட அதே பதிவு ஆல்பத்தில் வந்தால் பழைய எண்ணையே போடுங்கள், இல்லையென்றால் கேட்டவர் கணக்கு இரண்டாக உடையும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் முன்வைக்கலாம், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு. விநியோகஸ்தரிடம் கோப்பு நான்கு வாரம் முன்பே போய்ச் சேர்ந்தால் அதற்கு நேரம் இருக்கும்.