கத்திரி வெயில்ல தோணுன ஐடியா, பூமிக்கே பந்தல் போட்டா இன்னா?

கோட்டை_அகழி: நைட்டு கரண்ட் போயி மொட்டமாடியில பட்துக்கினு யோசிச்சேன், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல பெரிய பந்தல் போட்டா சூடு கொறையாதா? சீரியஸா கேக்கறேன். வேற கிறுக்கு ஐடியா கீதா?

காட்பாடி_ஜங்ஷன்: சிரிக்காதீங்க, 1989லயே ஜேம்ஸ் எர்லின்னு ஒருத்தர் இதையே சொல்லிட்டாரு. பூமியிலருந்து சூரியன் பக்கமா 15 லட்சம் கிமீ தள்ளி, பூமி கூடவே சுத்தி வர்ற ஒரு எடத்துல 2000 கிமீ அகலத்துக்கு கண்ணாடி மறைப்பு, அதுக்கு நிலாவுலருந்து மண்ணு எடுக்கணுமாம். வெயில்ல ஒரு 2 பர்சென்ட் கொறச்சாலே போதுமாம். நம்மாளுங்க பாலாத்து மணலையே விட்டு வெக்கல, நிலாவை விடுவாங்களா 😂

பாலாறு_பையன்: 1991ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சி, அந்த கந்தகப் பொகையால உலகமே அரை டிகிரி கூல் ஆச்சி. அதையே நாமளும் மேல தூவலாம்னு சில பேரு சொல்றாங்க, ஆனா மழை எப்டி மாறும்னு கேரன்டி இல்ல, ஓசோனுக்கும் அடி. எனக்கு புடிக்கல.

ஆம்பூர்_தம்: பெருவுல 2010ல ஆண்டீஸ் மலைப் பாறைக்கே வெள்ளை அடிச்சாங்க, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து! நம்மூர்லதான் மரமில்லாத மலை ரெடியா கீதே.

கோட்டை_அகழி: முட்டை இன்னா வெலை விக்குது தெரியுமா 😭 மொதல்ல என் மாடிக்கு சுண்ணாம்பு அடிக்கறேன்.